வீட்டுக்குள் சொல்லக்கூடாத வார்த்தை

தன் வீட்டுக் கூடத்தின் நடுவே ஓர் ஆண்பிள்ளை குப்புறப் படுத்திருப்பான் என்று சின்னவள் எப்படி எதிர்பார்ப்பாள்...?

காதில் ஹெட்போன். கையில் காலி டம்ளர். "சரிங்க மேடம்... சரிங்க... துணியை எல்லாம் வெளிய எடுத்துட்டு, மூடியை நல்லா அழுத்திச் சாத்திப் பாருங்க..." என்று கொஞ்சுகிற குரலில் பேசிக்கொண்டே தன் அறையிலிருந்து வெளியே வந்தவள், தரையில் நீண்டு கிடந்த இரண்டு கால்களில் தடுக்கி, டம்ளர் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தாள்.

"ஆ!" என்று அலறியது அவள் அல்ல. அவன்.

அவன் காதிலும் ஒரு ஹெட்போன். அதிலிருந்து போன வயரின் மறுமுனையில் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு கருவி, தரையோடு ஒட்டி இருந்தது. அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"ஏங்க... எறும்பு நடந்தாக்கூட இதுல யானை மாதிரி கேக்கும். நீங்க மொத்தமா விழுந்து வச்சா என் காது என்னத்துக்கு ஆகும்?"

"வழியில படுத்துக்கிட்டு என்னையா குத்தம் சொல்றீங்க? யார் நீங்க?"

"உஷ்... பேசாதீங்க. தண்ணி ஓடுதான்னு கேட்டுட்டிருக்கேன்."

விரலை உதட்டில் வைத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தவள்... திறந்தபடியே நின்றாள். என்ன கண்கள் அவை! மழைக்குச் சற்று முன்னால் வானம் இருக்குமே... கறுத்து, கனிந்து, இதோ பெய்யப்போகிறேன் என்பது போல... சே! முன்பின் தெரியாதவனின் கண்ணைப் பற்றி இவ்வளவு நேரமா யோசிப்பது?

ஹெட்போனில் வாடிக்கையாளர் "ஹலோ... ஹலோ..." என்று கூப்பிட, அவள் அறைக்குள் ஓடிவிட்டாள்.

அவன் யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமா வரச்சொல்லி, கதவைத் திறந்துவிட்டுப் போன ஒழுகல்காரர்! சுவரையும் தரையையும் உடைக்காமல், காதாலேயே கேட்டு, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பவர். இன்றைக்கு இவர்தான் நீதிபதி. இவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில்தான் சொட்டுவின் தலையெழுத்தே இருக்கிறது.

சொட்டு, அவளுடைய நாய்க்குட்டி. பால்பல்கூட விழவில்லை. உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கின் மேல் மட்டும் பால் சொட்டியது போல ஒரு வெள்ளை. அதனால் மாமா வைத்த பெயர் அது. மாமா என்றால் அக்காவின் கணவர். பெயர் வைத்தது அவர், சோறு வைப்பது சின்னவள், திட்டுவது அக்கா என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவையும் குற்றம் சொல்ல முடியாது. வருஷக்கணக்காக ஆசைப்பட்டு, போன மாதம்தான் கூடத்துக்கு மரத்தரை போட்டிருந்தாள். அந்தத் தரையில்தான், சின்னவளின் அறை வாசலில், தினமும் ஈரம். துடைத்தால் மறுபடி ஈரம்.

"உன் நாய்தான்" என்பாள் அக்கா.

"சான்ஸே இல்ல. தூங்கி எழுந்ததும் வெளிய கூட்டிட்டுப் போறேன், சாப்பிட்டதும் கூட்டிட்டுப் போறேன், விளையாடினதும் கூட்டிட்டுப் போறேன். மரத்தடியில சமத்தாப் போகுது. இது கீழ போற பைப்போட வேலை."

"பைப்புக்கு ஏன்டி இந்த வாசனை?"

"புது மரம்ல... பாலிஷ்!"

சண்டையைத் தீர்க்கத்தான் மாமா இந்த ஏற்பாட்டைச் செய்தார். பைப் என்றால் சொட்டு வீட்டில் இருக்கும். நாய் என்றால், அக்காவோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் தோட்டத்து வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

சின்னவள் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, மேசைக்கு அடியில் புகுந்து, சொட்டுவின் காதோடு ரகசியம் பேசினாள். "பாருடி... வாயைத் திறந்தா அதட்டுறாரு... ஆனா அந்தக் கண்ணு இருக்கே... ம்ஹூம், அதைப் பாத்தா பொய் சொல்ற ஆளாத் தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு..."

கூடத்தில் அவன் ஏன் திடீரென்று ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான், ஏன் அவன் காதுமடல் சிவந்தது... அது அவளுக்குத் தெரியாது.

மாலையில் அக்காவும் மாமாவும் சோபாவில் உட்கார, அவன் எதிரே நின்றான். சின்னவள் அவனுக்கு மட்டும் தெரியும்படி கையெடுத்துக் கும்பிட்டாள். பைப்னு சொல்லிடுங்க... ப்ளீஸ்...

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பைப் நல்லா இருக்கு மேடம். கீழ ஒரு சொட்டு ஒழுகல. ஒழுகுறது... தரைக்கு மேல."

"சொன்னேன்ல!" என்றாள் அக்கா.

"ஒரு சந்தேகம் மேடம். ஞாயித்துக்கிழமையும் ஈரம் இருக்குமா?"

"இருக்காது. அன்னைக்கு நான் வீட்டுல இருப்பேன்ல... பயம்!"

சின்னவளின் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் தன் பெட்டியை மூடிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, மதிய நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவன்தான். பின்னால் வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

"கருவியோட ரப்பர் மூடி ஒண்ணு இங்க விட்டுட்டேன் போல..."

"இங்க எதுவும் இல்ல."

"தெரியும். என் பாக்கெட்லதான் இருக்கு." அசட்டுச் சிரிப்போடு ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினான். "உண்மையைச் சொன்னது தப்பில்ல. ஆனா அன்னைக்கு நீங்க அழுதீங்களே... ரெண்டு நாளா வேலை ஓடல. கேக் வாங்கிட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போல் இருந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். "என்னைச் சமாதானப்படுத்தவா, சொட்டுவைச் சமாதானப்படுத்தவா?"

"ரெண்டு பேரையும்தான்!" என்று சொன்னவன், அந்த வேகத்திலேயே ஒரு துண்டைப் பிட்டுக் காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்த குட்டிக்குக் கொடுத்துவிட்டான்.

துண்டில் கறுப்பாக... உலர்ந்த திராட்சை!

"ஐயோ!" சின்னவள் பாய்ந்து சொட்டுவின் வாயைத் திறந்து, விரலை விட்டு, கிடைத்ததையெல்லாம் வழித்து எடுத்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? திராட்சை நாய்க்கு விஷம்! திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு... எதையுமே காட்டக்கூடாது! முழுங்கிடுச்சான்னுகூடத் தெரியலையே..."

அவன் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய் வண்டியை எடுத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இடமும் வலமும் ஓட, சொட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் ஓட்டிக்கொண்டே குட்டியையும், குட்டியைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்துப் பார்த்துத் திருப்பினான்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா சிரித்த முகம். "அம்மா தலையைப் பிடிங்க, அப்பா காலைப் பிடிங்க" என்றார். யார் அம்மா, யார் அப்பா என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, அவசரமாகப் பார்வையை விலக்கி... ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

வாந்தி எடுக்க ஊசி போட்டார். காலையில் தின்ற சாப்பாடு மட்டும் வந்தது. திராட்சை இல்லை.

"தப்பிச்சுது. ஆனா உடனே கொண்டுவந்தது ரொம்ப நல்லது. சில குட்டிக்குக் கொஞ்சம் திராட்சை போனாலே கிட்னி கெட்டுடும். எந்தக் குட்டிக்கு அப்படி ஆகும்னு முன்னாலயே சொல்ல முடியாது. என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?"

"குட்டிகளுக்குன்னு விக்கிற தீனிதான் டாக்டர். நாள்பூரா கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக் கொடுக்கறேன். நடுவுல உப்புப் போடாம வேகவச்ச கோழி, கேரட், பூசணி... எலும்பு கொடுக்க மாட்டேன்."

"கெட்டிக்காரி! பசும்பால் வேண்டாம், வயித்தால போகும். வேற தொந்தரவு?"

"அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது டாக்டர்..."

சோதித்துப் பார்த்ததில் கிருமி இல்லை, ஒன்றும் இல்லை. "குட்டிக்கு மூத்திரப்பை சின்னது. அடிக்கடி போகத்தான் செய்யும். அதுக்காகத் தண்ணியைக் குறைச்சிடாதீங்க. முக்கினாலோ, ரத்தம் கலந்து போனாலோ உடனே வாங்க. மத்தபடி, எப்ப எப்ப போகுதுன்னு கொஞ்சம் கவனிங்க."

"சரிங்க டாக்டர்... சரிங்க..."

மேசை மேல் ஒரு சின்னக் குளம்.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார் டாக்டரம்மா. அவன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கேயோ எதையோ கேட்டவன் போலத் தலையைச் சாய்த்தான்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பயம் போனதும் சின்னவளுக்குக் கோபம் வந்தது. பயத்தின் அடியில் எப்போதும் கோபம்தானே இருக்கிறது.

"நீங்க வந்த அன்னைக்கே எங்களுக்குக் கெட்ட நேரம். அன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா இது என்கிட்டயே இருந்திருக்கும். இன்னைக்கு உயிருக்கே வேட்டு வச்சீங்க."

"தெரியாம செஞ்சுட்டேங்க..."

"காது மட்டும் இருந்தாப் போதுமா? இனிமே எங்க வீட்டுப் பக்கமே வராதீங்க."

வண்டி வாசலில் நின்றது. அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வரல."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவளுக்கு, ஜெயித்தது போலவே இல்லை. அந்தக் கண்கள்... பெய்யாமலே கலைந்துபோன மேகம் மாதிரி... சே, நான் ஏன் அப்படிப் பேசினேன்?

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

சொட்டுவின் கிண்ணம், போர்வை, கடித்துக் குதறிய மாமாவின் ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஒரு பையில். அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. வந்தது தோட்டத்து வீட்டுக்காரி இல்லை.

"வரக்கூடாதுன்னு சொன்னீங்க. வந்துட்டேன்" என்றான் அவன். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. "மேடம், குட்டியை அனுப்பாதீங்க. அதுமேல தப்பே இல்ல. அன்னைக்கு என் கருவி பதிவு பண்ண சத்தத்தை நேத்து மறுபடி போட்டுக் கேட்டேன். ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாக்கணும்..."

"நீங்கதானே தம்பி நாய்னு சொன்னீங்க?" அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படி? போதும், விடுங்க."

"இல்ல மேடம், நாய்தான். ஆனா..."

"அக்கா..." சின்னவளால் அதற்கு மேல் முடியவில்லை. சொட்டுவைத் தரையில் விட்டுவிட்டு, சின்னப் பிள்ளை போல அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து விசும்பினாள். "நான் எதுவும் கேக்கல... அதுக்கு ராத்திரி போர்வை போத்தினாத்தான் தூக்கம் வரும்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடு..."

அக்கா எவ்வளவு கறாரானாலும் அக்காதானே! கட்டிய கை அவிழ்ந்தது. தங்கையின் முதுகைத் தடவினாள். அதட்டுகிற குரல் எங்கே போயிற்றோ... அச்சு அசல் சின்னவளின் குரல் போலவே குழைந்து வந்தது.

"சரி... சரி... அழாதடி..."

ஸ்ஸ்ஸ்...

அக்காவின் காலடியில், சமத்தாக உட்கார்ந்து, சொட்டு மரத்தரையை நனைத்தது. நனைத்து முடித்து, பரிசு எங்கே என்று அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

"அதேதான்!" என்று அவன் துள்ளினான். "இதைத்தான் சொல்ல வந்தேன்! ஏங்க... வெளிய கூட்டிட்டுப் போறப்ப அது போறவரைக்கும் நீங்க என்ன சொல்லிட்டு நிப்பீங்க?"

சின்னவள் கண்ணைத் துடைத்தாள். "என்ன சொல்லுவேன்... மரத்தடியில நின்னு மெதுவா 'சரி... சரி...'னு... போனதும் ஒரு துண்டு கேரட்..." சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ!"

"அது என்ன நெனச்சுது? 'சரி'ன்னா ஒண்ணுக்குப் போகணும், கேரட் வரும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வர்ற போனெல்லாம் எடுத்து..."

"நாள்பூரா 'சரிங்க சார், சரிங்க மேடம்'! அதே கொஞ்சுற குரல்ல! பதிவுல கேட்டேனே... பாவம், ஒவ்வொரு தடவையும் அதுவும் கஷ்டப்பட்டு ஒரு சொட்டாவது விட்டிருக்கு. நீங்க காதுல மாட்டிக்கிட்டுத் திரையைப் பாத்துட்டு இருக்கீங்க. கேரட்டும் வரல. ஞாயித்துக்கிழமை லீவு... ஈரமும் இல்ல!"

முதலில் சிரித்தது மாமா. செய்தித்தாள் கீழே விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அடி ஆத்தீ... இவ்வளவு சொன்ன பேச்சு கேக்கற ஜீவனையா வீட்டை விட்டு அனுப்பப் பாத்தோம்?"

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தரையைத் துடைடி முதல்ல! அவங்களுக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு நானே சொல்றேன்."

சின்னவள் துணி எடுக்க ஓட, அவனும் பின்னால் வந்தான். குனிந்து துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆமா... அந்தப் பதிவை எதுக்கு மறுபடி போட்டீங்க?"

அவன் காதுமடல் சிவந்தது.

"கேக்கறேன்ல?"

"வரக்கூடாதுன்னுட்டீங்க. குரலையாவது கேக்கலாமேன்னு..."

அவள் கை துடைப்பதை நிறுத்தியது. "அப்படின்னா... அன்னைக்கு நான் மேசைக்கு அடியில சொட்டுகிட்ட பேசினது...?"

"எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும்னு சொன்னேனே..."

"கண்ணு..."

"அதுவும்."

அவள் ஈரத்துணியாலேயே முகத்தை மூடிக்கொள்ளப் போய், அது என்ன ஈரம் என்று நினைவு வந்து, துணியை வீசியெறிந்துவிட்டு ஓடினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு வார்த்தைக்குத் தடை. மரத்தடிக்கு மட்டும்தான் 'சரி'. வீட்டுக்குள் யாரும் மூச்சுவிடக்கூடாது. அக்கா ராணி மாதிரி "ஆகட்டும்" என்றாள். சின்னவள் வாடிக்கையாளர்களிடம் "நல்லதுங்க, அப்படியே செஞ்சிடலாங்க" என்று பேச, இவ்வளவு மரியாதையான பொண்ணு யார் என்று கம்பெனியில் விசாரித்தார்களாம். திண்டாடியது மாமாதான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் பேசறதே அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடுங்கிட்டீங்களே!"

தரையில் ஈரம் நின்றது. ஆனால் ஒழுகல்காரர் வருவது நிற்கவில்லை. எதற்கும் பைப்பைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று வருவான். கையில் உப்பில்லாமல் வேகவைத்த பூசணியோ, எலும்பு நீக்கிய கோழியோ இருக்கும். "இது ஆகுமா? இது ஆகுமா?" என்று ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டி, அவள் தலையசைத்த பிறகுதான் சொட்டுவின் பக்கம் நீட்டுவான்.

"பைப்பு எப்படிப்பா இருக்கு?" என்பார் மாமா.

"கவனிச்சுக்கிட்டே இருக்கணும் சார்."

"கவனி, கவனி..."

அன்றும் மழை. வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். மழைக்கு முன்பே மரத்தடிக்குப் போய் வந்துவிட்ட சொட்டு, மரத்தரையில் உருண்டு, இந்த முறை அவன் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் கருவியைத் தரையில் வைத்து, ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினான்.

"என்ன கேக்குது?"

"மழை... கூரையில விழறது, ஜன்னல்ல வழியறது..." அவள் கண்ணை மூடினாள். "அப்புறம் என்னமோ... டக் டக்னு..."

"அது நான். கருவி மேல கையை வச்சிருக்கேன்ல... நாடி."

"இவ்வளவு வேகமாவா?"

"ஒண்ணு கேக்கணும். அதான்." மழைக்கு முந்திய வானம் அவள் முகத்துக்கு நேரே குனிந்தது. "தரைக்குக் கீழ என்ன ஓடுதுன்னு சொல்லிடுவேன். மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேக்க எந்தக் கருவியும் இல்ல. அதனால நேராவே கேக்கறேன்... என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஹெட்போனில் அந்த டக் டக் இன்னும் வேகமெடுத்தது. அவளுக்கு அது அவனுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை. உதடு பிரிந்தது... சட்டென்று மூடிக்கொண்டது. சொட்டுவைப் பார்த்தாள். அக்காவின் தரையைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் சிவந்து போக, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து மூலையிலிருந்த குடையை எடுத்தாள்.

அவன் முகம் வாடிவிட்டது. "என்ன ஆச்சு? எங்க கிளம்பிட்டீங்க?"

"சொட்டுவைத் தூக்கிட்டு வாங்க... மரத்தடிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"இந்த மழையிலயா? இப்பதானே போயிட்டு வந்துச்சு?"

சின்னவள் வாசலில் குடையை விரித்து, இருவர் நிற்க இடம் விட்டு, அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்... அதை இந்த வீட்டுக்குள்ள சொல்ல முடியாது..."